முப்பது அடி வண்டியும் மூன்று தொட்டிகளும்

சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 லிட்டர் தண்ணீர் செலவிடுகிறார். அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் உள்ள செம்பாறைப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிப் பார்க்க லாஸ் வேகஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமின் நன்னீர்த் தொட்டியும் ஏறக்குறைய அந்த அளவுதான் கொள்ளும். ஆனால் வண்டியில் நாங்கள் ஆறு பேர். சமையல், குளியல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதைச் சாவியைக் கொடுத்த பெண்மணி வெகு இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால், பாறைகளில் தொடங்கும் என் பேச்சு எப்படியும் தண்ணீரில் வந்துதான் நிற்கிறது. அந்த நிலத்தைச் செதுக்கியதும் தண்ணீர்தான், அங்கே எங்களை ஆட்டி வைத்ததும் தண்ணீர்தான்.

வண்டியின் நீளம் முப்பது அடி. ஓட்டும் பொறுப்பை, தேசிய சேவையில் மூன்று டன் லாரி ஓட்டிப் பழகிய அண்ணன் ஏற்றுக்கொண்டார். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது அவருக்கு அரை நாளில் கைவந்துவிட்டது. காற்று வீசும்போது வண்டி பக்கவாட்டில் அசைவதுதான் பழக நாளானது. வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நன்னீருக்கு, ஒன்று குளியலறையிலும் கழுவுதொட்டியிலும் இருந்து வரும் நீருக்கு, மற்றொன்று கழிப்பறைக் கழிவுக்கு. முதல் தொட்டி காலியாகக் காலியாக மற்ற இரண்டும் நிரம்பும். முகாம்களில் இதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில், தடித்த குழாயைப் பொருத்திக் கழிவை இறக்கிவிட வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு சோப்பு நீர்த் தொட்டியைத் திறப்பதே முறை. அப்போதுதான் பின்னால் வரும் நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வீட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறந்துபோகும் காரியத்தை இங்கே கையுறை அணிந்து, வாயை மூடிக்கொண்டு, முறை வைத்துச் செய்தோம். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து நியூவாட்டராகக் குடிக்கும் ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கக் கூடாது என்று அண்ணன் சொன்னதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சமையலில்தான் உண்மையான பூசல் எழுந்தது. எங்களில் மூத்தவரான அக்கா, அரிசியை மூன்று முறை களையாமல் உலையில் போடுவதைப் பாவமாகக் கருதுபவர். ஒரு முறை களைந்தால் போதும் என்று மற்றவர்கள் சொல்ல, “அப்படியானால் நீங்களே வடித்துச் சாப்பிடுங்கள் தம்பி” என்று அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் களைந்த நீரைக் கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்துவைத்து, தட்டுகளை முதலில் காகிதத்தால் துடைத்து, பிறகு அந்த நீரில் அலசி, கடைசியாக ஒரு கை நல்ல தண்ணீர் விடுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. 1963-இல் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது தம் தாயார் செய்ததும் இதுதான் என்று அக்கா சொன்னார். தாளிப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தேக்காவில் வாங்கிப் போன காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த மறுகணமே கூரையில் இருந்த புகை எச்சரிப்பான் அலறும். அதனால் கடுகு வெடிக்கும் நேரத்தில் ஒருவர் கதவைத் திறந்துவிட, இன்னொருவர் துண்டை எடுத்து எச்சரிப்பானுக்குக் கீழே விசிறுவார். பக்கத்து வண்டிக்காரர் ஒரு நாள் மாலை என்ன சமைக்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்தார். ரசம் குடித்துவிட்டுத்தான் போனார்.

முதலில் பார்த்தது சயான் தேசியப் பூங்கா. அதன் செங்குத்துச் சுவர்கள் எல்லாம் டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் மணல்மேடுகளாக இருந்தவை. காற்று அடித்து அடித்துப் படிந்த மணல் இறுகிக் கல்லானது. அந்தக் காற்றின் திசை இன்றும் பாறையில் சாய்வரிகளாகத் தெரிகிறது. அவ்வளவு உயரமான சுவர்களை அறுத்து இறங்கிய வர்ஜின் ஆற்றைத் தேடிப் போனால், பல இடங்களில் கணுக்கால் அளவு நீர்தான் ஓடுகிறது. வெள்ளம் வரும் சில மணி நேரங்களில்தான் அது தன் வேலையைச் செய்கிறது. பூங்காவின் கிழக்கு வழியில் 1930-இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன் கூரை வளைவாக இருப்பதால் எங்கள் வண்டி போன்ற உயரமான வண்டிகள் நட்ட நடுவில்தான் போக முடியும். அதற்காக எதிர்ப்புறப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. 2026 நடுப்பகுதியிலிருந்து பெரிய வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடப் போவதாகப் பூங்கா அறிவித்திருக்கிறது. மோட்டார்ஹோமில் போக நினைப்பவர்கள் வழியைத் தீர்மானிக்கும் முன்பு இதைக் கவனிக்க வேண்டும்.

பிரைஸ் கேன்யனில் குளிர் கடுமையாக இருந்தது. 2,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். நாங்கள் போனது அக்டோபர். பகலில் வெயில் சுட்டாலும் இரவில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வெளிக்குழாயைக் கழற்றி உள்ளே வைக்கும்படி முகாமில் சொன்னார்கள். அங்கே ஆண்டில் 170 நாள்களுக்கும் மேல் இப்படி இரவில் உறைந்து பகலில் உருகுகிறது. பாறை இடுக்கில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து பாறையைப் பிளக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் கூட்டங்கூட்டமாக நிற்கும் கல்தூண்கள் அப்படிப் பிளந்தவற்றில் எஞ்சியவை. எங்கள் ரப்பர் குழாய்க்கு வந்த ஆபத்தும் பாறைக்கு நேர்வதும் ஒன்றே என்பது அந்தக் குளிரிலும் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பேஜ் என்ற சிறு நகரில் கிளென் கேன்யன் அணையும் பவல் ஏரியும் இருக்கின்றன. கொலராடோ ஆற்றை மறித்து 1960-களில் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. நீர்மட்டம் பெரிதும் இறங்கியிருந்ததால், செம்பாறையின் அடிப்பகுதி முழுவதும், கெட்டிலின் உட்புறத்தில் படியும் கறையைப் போல, வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு அது. மாநிலங்கள் 1922-இல் அதன் நீரைப் பங்கிட்டுக்கொண்டபோது ஆற்றில் உண்மையில் ஓடுவதைவிட அதிகமாகக் கணக்கு வைத்துவிட்டன; அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.

அருகில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் நவஹோ மக்களுக்குச் சொந்தமான நிலத்தில் இருக்கிறது. அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. படங்களில் பார்த்த ஒளிக்கற்றையும் அலையலையான சுவர்களும் அப்படியே இருந்தன. ஆனால் என் கண் அவற்றில் நிலைக்கவில்லை. வழிகாட்டி கையை உயர்த்திக் காட்டிய இடத்தில், எங்கள் தலைக்கு வெகு மேலே, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு மரத்தடி குறுக்காகச் செருகிக் கிடந்தது. வெள்ளம் கொண்டுவந்து வைத்த மரம். 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி இதே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில். நம் ஊரில் மழை வருவதை இருட்டிக்கொண்டு வரும் வானம் சொல்லிவிடும். அங்கே வெள்ளத்தில் சிக்குவதற்குத் தலைக்கு மேல் மேகம் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை.

அங்கிருந்து மானுமென்ட் வேலிக்குப் போகும் வழியில் கைப்பேசிகளின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவின. அரிசோனா கோடைக்கால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, நவஹோ நிலப்பகுதி பின்பற்றுகிறது. முன்பதிவு செய்த நேரம் எந்தக் கடிகாரத்தின்படி என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. மானுமென்ட் வேலியின் 17 மைல் மண்பாதையில் மோட்டார்ஹோம்களுக்கு அனுமதி இல்லை. நவஹோ ஓட்டுநர் ஒருவரின் திறந்த வண்டியில் புழுதியைத் தின்றுகொண்டு சுற்றினோம். என் நினைவில் நிற்பது அந்த உயர்ந்த பாறைகளைவிட, திரும்பும் வழியில் தண்ணீர் நிரப்பும் இடத்தில் வரிசையாக நின்ற பிக்கப் வண்டிகள்தான். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. நவஹோ நிலப்பகுதியில் கணிசமான வீடுகளுக்கு இன்றும் குழாய்நீர் கிடையாது; குடும்பத்தில் ஒருவர் வண்டியெடுத்துப் போய் நிரப்பி வருகிறார். விடுமுறைக்காக நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய சிக்கனம் அவர்களுக்கு அன்றாடம். அதன் பிறகு அரிசி களைவதைப் பற்றி வண்டியில் யாரும் பேசவில்லை.

கிராண்ட் கேன்யனைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் என்று படித்துவிட்டுப் போனாலும், புக்கிட் தீமா குன்றின் 164 மீட்டரே நாட்டின் உச்சி என்று வளர்ந்தவர்களுக்கு அந்த எண்கள் விளிம்பில் நின்று பார்க்கும்வரை பிடிபடுவதில்லை. எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆய்வு செய்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் அதன் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்திருக்கிறார். பள்ளத்தின் அடியில் ஆற்றை ஒட்டித் தெரியும், ஏறத்தாழ 170 கோடி ஆண்டு பழமையான கரும்பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான். அக்கா அந்தச் சிகரத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு, படம் எடுக்க முயன்ற எங்களை முறைத்தார்.

அவ்வளவு பெரிய ஆறு கீழே ஓடினாலும் தென்விளிம்பில் குடிக்கும் தண்ணீர் அந்த ஆற்றினுடையது அன்று. வடவிளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றில் எடுத்து, 1960-களில் போடப்பட்ட சுமார் 20 கிலோமீட்டர் குழாய் வழியாகப் பள்ளத்தாக்கின் அடியைக் கடந்து கொண்டுவந்து, தென்விளிம்புக்கு மேலேற்றுகிறார்கள். குழாய் பழசாகி அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் பல இடங்களில் உடைந்தபோது தென்விளிம்பு விடுதிகளில் யாரும் தங்க முடியாத நிலை வந்தது; இப்போது புதுக் குழாய் போடும் பணி நடக்கிறது. இதை முகாமில் கேட்டபோது எங்கள் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவரும், ஜொகூர் பாலத்தை ஒட்டிய குழாய்களும் 2061-இல் முடியும் தண்ணீர் ஒப்பந்தமும்தான் நினைவுக்கு வந்தன. அன்று இரவுச் சாப்பாடு முழுவதும் அந்தப் பேச்சிலேயே கழிந்தது.

செலவைப் பலரும் கேட்கிறார்கள். மோட்டார்ஹோம் மலிவானது என்று நம்பிப் போக வேண்டாம். எங்கள் வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வாடகை, முகாம் கட்டணம் எல்லாம் சேர்த்தால் காரும் விடுதியும் எடுத்ததற்குக் குறையாது. இருந்தாலும் சமைத்துச் சாப்பிட விரும்பும் கூட்டத்துக்கு இதுவே வசதி. பூங்காவுக்கு உள்ளே இருக்கும் முகாம்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஜூன் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் நண்பகல் வெயிலுக்கு வண்டிக்குள் குளிர்சாதனம் ஓட மின் இணைப்புள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜூலை நடுவில் தொடங்கிச் செப்டம்பர்வரை திடீர் வெள்ளக் காலம். அப்போது குறுகிய பள்ளத்தாக்குகளை அதிகாரிகள் மூடிவைத்தால் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள்.