எலும்பு கூடவில்லை, காந்தச் சுருள் கட்டினார்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். வீக்கம் வடிந்து வலியும் குறைந்தது. ஆனால் அரை வருடம் ஆகியும் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அப்படியே கறுப்பாகத் தெரிந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே சதையும் ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் எலும்பு ஒன்றுசேர நாளாகும் என்றார் ஜார்ஜ்டவுனில் நான் பார்த்த எலும்பு டாக்டர். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன் செய்யலாம், அதற்கு முன் மின்தூண்டலை முயன்று பார்க்கலாம் என்றார்.

கரண்ட் என்றதும் அம்மாவுக்குப் பகீரென்றது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பை அழுத்தினால் அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும் என்று ஜப்பானில் ஃபுகாடா, யசுதா இருவரும் 1957இல் காட்டினார்கள். அந்த வழியில் வந்ததுதான் துடிப்புக் காந்தப்புலச் சிகிச்சை. கூடாத எலும்புக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1979இல் அனுமதி கொடுத்தது. சுருளில் விட்டுவிட்டு ஓடும் மின்சாரம் தோலுக்குள்ளே வலுக் குறைந்த மின்புலத்தை உண்டாக்கும். எலும்பு செல்லுக்குள் கால்சியம் கூடி, வளர்ச்சிப் புரதங்கள் சுரக்கும்.

எல்லாருக்கும் இது ஆகாது. முறிவில் இடைவெளி பெரிதாக இருக்கக் கூடாது, எலும்பு ஆடவும் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சீழ், சர்க்கரை, வைட்டமின் டி எல்லாம் சோதித்த பிறகுதான் மெஷின் கைக்கு வந்தது.

உள்ளே சுருள் வைத்த வளையம் மாதிரி ஒரு பட்டை, அதிலிருந்து ஒயர், கையடக்கப் பெட்டி. கைலிக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். சுள்ளென்றோ சூடாகவோ ஒன்றும் தெரியாது. பச்சை விளக்கு மட்டும் சிமிட்டும். மெஷின் ஓடுகிறதா என்றே முதல் வாரம் சந்தேகம். ராத்திரி கட்டிக்கொண்டு படுப்பேன். புரண்டு படுத்தால் பட்டை நழுவும், பெட்டி கீச்சென்று கத்தும், மனைவி எழுந்து திட்டுவாள். ஏமாற்றவும் முடியாது, எத்தனை மணி நேரம் போட்டோம் என்பதைப் பெட்டியே பதிந்து வைக்கிறது. இடையில் அத்தை சௌராஸ்தா சந்தையிலிருந்து விரால் மீன் வாங்கி வந்து சூப் வைத்துக் கொடுத்தபடி இருந்தார்.

சில மாதத்தில் கோடு மங்கியது. எக்ஸ்ரேயில் பார்க்கும் நான்கு பக்கத்தில் மூன்றில் எலும்பு பாலம் போட்டுவிட்டது, கூடியதாக வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கரண்டா, காலை ஊன்றி நடக்கச் சொன்னதா, காலமா, எதனால் கூடியது என்று கேட்டேன். ஆய்வு முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, உங்கள் ஒரு காலை வைத்து எப்படிச் சொல்வது என்று சிரித்தார். அத்தையைக் கேட்டால் விரால் மீன் என்பார்.

மெஷினை வாடகைக்கு எடுக்குமுன் அதற்கு இன்சூரன்ஸ் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவர்கள் போலீஸ் ரிப்போர்ட்டையும் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் கேட்பார்கள்.