விசிறிக் குமிழ் நாட்குறிப்பு

2025 ஜூன் 7, சனி

மேசை விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உடைந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. குறடால் தண்டைப் பிடித்துத்தான் திருப்பிக்கொண்டிருக்கிறோம். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இத்தனூண்டு பிளாஸ்டிக் துண்டுக்காக நன்றாகச் சுற்றும் விசிறியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் 3டி பிரிண்டர் இருக்கிறது. ஆனால் யாரோ வரைந்து வைத்ததைத்தான் இதுவரை அதில் அச்சடித்து வந்திருக்கிறேன். இந்தக் குமிழை நானே வரைந்து பார்க்கப் போகிறேன்.

முப்பரிமாண வடிவங்களை வரையும் ஃப்ரீகேட் 1.0 நிறுவியாயிற்று. 2002-இல் வெளிவரத் தொடங்கிய மென்பொருள், 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணை எட்டியது. 22 ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து இழைத்த வேலை. காசு கொடுக்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், இணைய இணைப்பு கூட வேண்டாம். வரைந்தது என் கணினியில் என் கோப்பாகவே இருக்கும். பத்து வருடம் கழித்து இதே குமிழ் மறுபடி உடைந்தாலும் திறந்து பார்க்கலாம் என்பதால் எனக்கு இது முக்கியம்.

ஜூன் 8, ஞாயிறு

ஃப்ரீகேடில் ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு கருவித் தொகுப்பு, அதன் பெயர் வொர்க்பெஞ்ச். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் மலைப்பு. பார்ட், பார்ட் டிசைன், டிராஃப்ட், மெஷ், டெக்டிரா என்று நீள்கிறது. குமிழுக்குப் பார்ட் டிசைனும் ஸ்கெட்சரும் போதும் என்று புரியவே அரை நாள் ஆனது. தட்டையான தளத்தில் ஸ்கெட்ச் வரைய வேண்டும். 'பேட்' அதை உயரமாக எழுப்பும், 'பாக்கெட்' குடையும். 32 மி.மீ. வட்டம் போட்டு 16 மி.மீ. எழுப்பினேன். திரையில் ஒரு உருளை நின்றது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று படித்ததை விரிவாக எழுதி வைக்கிறேன். இதற்கு முன் இப்படி யோசித்ததே இல்லை.

விசிறியின் தண்டு முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டது. வெர்னியர் காலிப்பரில் விட்டம் 6 மி.மீ., தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்புற வளைவு வரை 4.5 மி.மீ. குமிழின் துளையும் இதே வடிவத்தில் இருந்தால்தான் வழுக்காமல் திருப்ப முடியும்.

ஸ்கெட்சில் ஒரு வில்லும் ஒரு கோடும் வரைந்தேன். இவை இன்னும் எத்தனை விதமாக நகரலாம் என்று ஃப்ரீகேட் கணக்குச் சொல்லும். வில்லுக்கு 5, கோட்டுக்கு 4, ஆக 9. கோட்டின் இரு முனைகளையும் வில்லின் முனைகளோடு இணைத்தேன்: 5 ஆனது. வில்லின் மையத்தை ஆதிப்புள்ளியில் வைத்தேன்: 3. ஆரம் 3 மி.மீ. கொடுத்தேன்: 2. கோடு செங்குத்து என்றேன்: 1. மையத்திலிருந்து கோடு 1.5 மி.மீ. தொலைவில் என்றேன்: 0. உடனே முழு வடிவமும் பச்சையாக மாறியது, இனி எதுவும் நகராது என்று அர்த்தம்.

அந்தப் பச்சையைப் பார்த்ததில் அவ்வளவு நிறைவு. கோடுகளை எப்படி இழுத்துப் போட்டாலும் சரி, அவற்றுக்குள் என்ன உறவு என்று சொல்லிவிட்டால் வடிவம் தானே வந்து அமைகிறது.

ஜூன் 14, சனி

முழுக் குமிழையும் அச்சடித்துப் பொருளை வீணாக்காமல், துளையைச் சுற்றி 5 மி.மீ. உயர வளையம் மட்டும் அச்சடித்தேன். தண்டில் ஏறவே இல்லை. உருகிய பிளாஸ்டிக்கை இழையாகப் போடும் பிரிண்டரில் துளைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் வரும். அதனால் இடைவெளி விட்டு வரைய வேண்டும்.

ஆரத்தை 3.1 ஆக்கினேன். அப்போதும் ஏறவில்லை. வளைவு விலகிக்கொடுத்தது, தட்டைப் பக்கம் பிடித்துக்கொண்டது. நான் மாற்றியது ஆரத்தை மட்டும்தான். கோடு அதே 1.5-இல் நின்றுவிட்டது. தவறு என்னுடையது. இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வேண்டும் என்பதை ஸ்கெட்சுக்கு நான் சொல்லவே இல்லையே.

அப்புறம் ஃப்ரீகேடுக்குள் இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் மூன்று எண்களை எழுதினேன்: தண்டின் விட்டம், தட்டைப் பக்க அளவு, இடைவெளி. ஆரத்துக்கு விட்டத்தையும் இடைவெளியையும் கூட்டிப் பாதியாக்கும் சூத்திரம். கோட்டுக்கு, தட்டை அளவில் பாதி விட்டத்தைக் கழித்து இடைவெளியில் பாதியைக் கூட்டும் சூத்திரம். இப்போது ஒரே எண்ணை மாற்றினால் இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. 0.1, 0.2, 0.3 என்று மூன்று வளையங்கள். 0.1 இறுக்கம், 0.3 ஆட்டம். 0.2 வைத்து அழுத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜூன் 15, ஞாயிறு

முழுக் குமிழும் அச்சாகி, தண்டில் அழுத்தும்போதே பிளந்தது. மேல்முகத்தில் எழுப்பிய குறிக்கோடு அழகாக வரட்டும் என்று பக்கவாட்டில் படுக்கவைத்திருந்தேன். அப்போது அடுக்குகள் தண்டின் போக்கிலேயே படிகின்றன. இப்படி அச்சடித்த பொருள் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலவீனம். துளை விரியப் பார்த்ததும் அந்த வழியாகவே விட்டுவிட்டது. வரைபடம் சரி, படுக்கவைத்த விதம் தவறு.

ஜூன் 18, புதன்

எழுப்பிய குறிக்கோட்டை அழித்து, பாக்கெட்டால் பள்ளமாக்கினேன். மேல்முகம் கீழே வரும்படி நிறுத்தி அச்சடிக்க இது வசதி. இப்போது ஒவ்வொரு அடுக்கும் துளையைச் சுற்றி முழு வளையமாக ஓடும். முதல் அடுக்கு தட்டில் நசுங்கிப் பிதுங்கும் என்பதால் அந்த ஓரத்தில் 0.6 மி.மீ. சேம்ஃபர், அதாவது சாய்வாகச் சீவிய விளிம்பு. ஓர வேலைகளை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. முன்பே செய்தால் பின்னால் வடிவத்தை மாற்றும்போது அவைதான் முதலில் முறிகின்றன.

ஜூன் 21, சனி

குமிழ் உட்கார்ந்துவிட்டது. மூன்று வேகமும் டக் டக்கென்று விழுகின்றன. குறடு பெட்டிக்குள் போயிற்று. அப்பா இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதிலும் ஒரு குமிழ் இல்லை. தண்டு 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். தட்டைப் பக்கம் 5.5. கோப்பை வேறு பெயரில் சேமித்து, ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டு எண்களை மட்டும் மாற்றினேன். ஸ்கெட்ச் பச்சையாகவே இருந்தது. வளையம் இப்போது அச்சாகிக்கொண்டிருக்கிறது.