எங்க வரிசை வீட்டு வரலாறு: 8க்கும் 9க்கும் நடுவுல இருக்கிற அந்த வெடிப்பு

போன தீபாவளிக்கு சாயம் அடிக்கப் போய் தான் இந்த வேலையே ஆரம்பிச்சது. எங்க வீடு 8ஆம் நம்பர். எங்களுக்கும் 9க்கும் நடுவுல, முன்பக்கத்துல, கூரைக்கு கீழ இருந்து தரை வரைக்கும் நேரா ஒரு வெடிப்பு ஓடும், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அது அங்க தான் இருக்கு, வருசா வருசம் அப்பா சிமெண்டு கொழச்சு பூசுவாரு, அடுத்த தீபாவளிக்குள்ள அதே இடத்துல வாயத் தொறந்துக்கும். செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற பனைக் குலை, ஏத்துன லோரி போற அதிர்வுன்னு எல்லாரும் சொல்லுவோம். இந்த தடவை பூசுறதுக்கு முன்னாடி பழைய பூச்ச ஒரு ரெண்டடிக்கு சுரண்டி எடுத்தேன். உள்ள பாத்தா எங்க பக்கத்து செங்கல் வரிசையும் அவங்க பக்கத்து செங்கல் வரிசையும் கோத்து நிக்கவே இல்ல, மட்டம் கூட அரை இஞ்ச் ஏறி இறங்கி இருக்கு. சுவர் வெடிச்சிருந்தா கல்லு ஒடஞ்சிருக்கணும்ல? இங்க ஒரு கல்லும் ஒடையல. இது முடிஞ்சு நின்ன சுவருக்கு பக்கத்துல பின்னால வந்து ஒட்ட வச்ச சுவர்.

அன்னிக்கு சாயம் அடிக்கிற வேலைய அப்படியே போட்டுட்டேன்.

ஊர பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன். 2007ல இருந்து பேரு பெஸ்தாரி ஜெயா, எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை தான். மலேசியாவுல கோலசிலாங்கூர் பக்கம், ஒரு பக்கம் ஈயம் வாருன ஏரிங்க, மத்த பக்கம் எல்லாம் தோட்டம். 1917ல ஃபோகோனியேங்கிற பிரெஞ்சுக்கார துரை இந்த நாட்டுலயே முதல் தடவையா வியாபாரத்துக்குன்னு செம்பனை போட்ட தென்னமரம் எஸ்டேட் எங்க ஊரு பக்கம் தான், அந்த பேரு நம்ம தமிழ் பேரு, தென்னை மரம், அதைத்தான் இங்கிலீஷ்ல எழுதி வச்சாங்க. தோட்டத்தோட பேருக்கே இப்படி ஒரு கதை இருக்கு, ஆனா அதுல வேலை செஞ்சவங்க இருந்த வீட்ட பத்தி எழுதி வைக்க யாரும் மெனக்கெடல, அதுதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு.

எங்க வரிசை 14 வீடு, ஒத்தை மாடி, எல்லாம் ஒட்டுச் சுவர். கோலாலம்பூர் பக்கம் பெட்டாலிங் ஜெயாவ 1950கள்ல போட்டாங்க, அதுக்கு அப்பறம் தான் இந்த மாதிரி வரிசை வீடு நாடு பூரா பரவுச்சு, எங்க ஊருக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் காலம் ஆயிருக்கு. பெரியவங்க கிட்ட யாரு கட்டுனாங்கன்னு கேட்டா "தோட்டம் கட்டிக் குடுத்தது"ன்னு ஒரே பதில். தூரத்துல இருந்து பாத்தா லயம், அதான் தோட்டத்துல தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டி விடுற வீடு, மாதிரியே இருக்கிறதால அப்படி நெனச்சிருக்கலாம். அது தப்புன்னு இப்ப எனக்குத் தெரியும், எப்படின்னு சொல்றேன்.

முதல்ல காகிதம். வீடு வீடா போய் பழைய பிஸ்கட் டின்ன தொறக்கச் சொன்னேன், 14ல 6 வீட்டுல ஏதாவது ஒண்ணு கிடைச்சது. 3ஆம் நம்பர் பாட்டி வீட்டுல சுக்காய் பிந்து, அதான் வீட்டு வரி, ரசீது ஒரு கட்டு, அதுல அடியில இருந்ததுல தேதி எல்லாம் கரையான் தின்னுடுச்சு, ஆனா "சுக்காய்"ங்கிற வார்த்தைக்கு முதல்ல சி, அடுத்து ஹெச் போட்டு அச்சடிச்சிருக்கு. மலாய் எழுத்துமுறைய 1972ல மாத்துனாங்க, அதுக்கு அப்பறம் வெறும் சி தான். இத நான் கண்டுபிடிச்சப்ப சந்தோசம் தாங்கல. ஆனா அத மட்டும் நம்பக் கூடாது, பழைய ரசீது புத்தகம் தீர்ற வரைக்கும் ஆபீஸ்ல அதையே கிழிச்சுக் குடுத்திருப்பாங்க. மேல தலைப்புல மாஜ்லிஸ் தெம்பாத்தான்னு, அதாவது ஊர் மன்றம்னு இருக்கு, மாஜ்லிஸ் டேராங்கிற மாவட்ட மன்ற ஏற்பாடெல்லாம் 1976 ஊராட்சி சட்டத்துக்கு அப்பறம் வந்தது, ஆக அதுவும் ஒத்துப் போகுது. அடுத்தது மின்சாரம். 5ஆம் நம்பர்ல பழைய மீட்டர் பலகைய கழட்டவே இல்ல, அதுல எல்.எல்.என்., அதான் தேசிய மின்சார வாரியத்தோட முத்திரை. 1965க்கு முன்னாடி அந்த வாரியத்துக்கு வேற பேரு, 1990ல அது தெனாகாங்கிற கம்பெனி ஆயிடுச்சு. இதெல்லாம் சேத்துப் பாத்தா முதல் வீடுங்க 1965க்கும் 1970களோட தொடக்கத்துக்கும் நடுவுல வந்திருக்கணும்.

11ஆம் நம்பர் அண்ணன் வீட்டு அக்ரிமெண்ட் தான் குழப்புச்சு. அது இங்கிலீஷ்ல இருக்கு, விலைய எழுத்துல "ரிங்கிட்"னு போட்டு நம்பருக்கு முன்னால டாலர் குறி போட்டிருக்கான். வெள்ளிக்கு, அதாவது இந்த நாட்டுக் காசுக்கு, ரிங்கிட்ங்கிற பேர 1975ல தான் அதிகாரபூர்வமா ஆக்குனாங்க, டாலர் குறி போய் ஆர்.எம். வந்தது 1993ல. அப்ப 11ஆம் நம்பர் வித்தது 1975க்கு பிறகு. நிலத்து அளவும் சதுர மீட்டர்ல இருக்கு, 3ஆம் நம்பர்ல சதுர அடி. ஒரே வரிசை, ரெண்டு காலம். வெடிப்பு ஞாபகம் வந்துச்சு.

அடுத்த வாரம் லீவு போட்டுட்டு நில ஆபீசுக்கு போனேன். லாட் நம்பர் தெரிஞ்சா யாரு வேணா காசு கட்டி சாரியான், அதான் நிலப் பதிவேட்டுல தேடல், போடலாம், பலருக்கு இது தெரியல, தெரிஞ்சுக்கோங்க. 14 வீட்டுக்கும் போடல, செலவு தாங்காது, நாலு வீட்டுக்கு போட்டேன், 1, 8, 9, 14. 1க்கும் 8க்கும் லாட் நம்பர் ஒரே வரிசையில ஓடுது. 9க்கும் 14க்கும் வேற எங்கயோ இருக்கிற வேற வரிசை. அளவு எடுக்கிறதுக்கு முன்னாடி நிலத்துக்கு பி.டி. நம்பர் தான் இருக்கும், அளந்து முடிச்ச பிறகு தான் லாட் நம்பர் கிடைக்கும், ஆக இந்த ரெண்டு துண்டையும் தனித்தனி நேரத்துல அளந்திருக்காங்க. நாலுலயும் எந்த தோட்டக் கம்பெனி பேரும் இல்ல. ஆளு பேருல நேரா வந்திருக்கு.

இந்த இடத்துல கொஞ்ச நேரம் கவுண்டர் முன்னாடி நாற்காலியில உக்காந்துட்டேன். தாத்தா பேரு அச்சடிச்சு இருந்துச்சு.

ஏன்னு சொல்லணும். லயத்து வீடு வேலையோட ஒட்டுனது. அந்தக் காலத்துல 55 வயசாகி வேலை முடிஞ்சா வீட்ட காலி பண்ணிக் குடுக்கணும், மகனோ மகளோ அதே தோட்டத்துல பேரு பதிஞ்சு வேலை செஞ்சா தான் அந்த குடும்பம் அங்க தொடர்ந்து இருக்க முடிஞ்சது. தோட்டத் தொழிலாளர் வீட்டுக்கு குறைஞ்சபட்ச தரம் வேணும்னு 1966ல சட்டம் வந்துச்சு, 1990ல அத மாத்தி இன்னொண்ணு வந்துச்சு, தண்ணி, விளக்கு, கக்கூஸ், பிள்ளைங்கள பாத்துக்கிற ஆயாக்கொட்டகை எல்லாம் அதுல இருக்கு. வீடு எப்படி இருக்கணும்னு சொன்ன சட்டம், வீடு யாருக்குன்னு சொல்லல. தாத்தா தோட்டத்து லோரி டிரைவர், வெட்டுக்காரங்கள விட சம்பளம் கொஞ்சம் கூட, அதனால துணிஞ்சிருக்காரு. முதல் 8 வீட்ட வாங்குனவங்கள விசாரிச்சா கிராணி (ஆபீஸ் குமாஸ்தா), டிரஸ்ஸர் (தோட்டத்து மருந்தக உதவியாளர்), வாத்தியார், மண்டோர் (மேஸ்திரி), இப்படித்தான் வருது. பால்மரம் வெட்டுனவங்க 9க்கு அப்பறம் தான் வர்றாங்க, பாதி பேரு சேமநிதி காசு வந்த பிறகு.

சரி, சீலிங். இதுதான் நான் ரொம்ப ஆசையா செஞ்சது, ஆனா செய்யப் போறவங்க தயவு செஞ்சு கவனம், அந்தக் காலத்து சீலிங் பலகை அஸ்பெஸ்டாஸா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, அறுக்காதீங்க, ஒடைக்காதீங்க, தூசிய கூட்டாதீங்க. நான் ஏற்கனவே இருந்த ஓட்டை மூடிய மட்டும் தூக்கி, நல்ல மாஸ்க் போட்டு, உத்தரத்து மேல கால் வச்சு தலைய மட்டும் விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். 7க்கும் எங்களுக்கும் நடுவுல அரைக்கல் சுவர் தான், நாலரை இஞ்ச், ஆனா அது ஓடு வரைக்கும் போகுது. இது சின்ன விசயம் இல்ல. தாத்தா இருந்த லயத்துல தடுப்பு உத்தரத்தோட நின்னுடும், மேல எல்லாம் தொறந்து கிடக்கும், முதல் வீட்டுல பேசுறது ஆறாவது வீட்டுல கேக்கும். இங்க குடி வந்த முதல் ராத்திரி பாட்டிக்கு தூக்கமே வரலயாம், பக்கத்து வீட்டு இருமல் சத்தம் கேக்காம ஏதோ காட்டுல படுத்த மாதிரி இருந்துச்சாம். அப்பா சொல்லி இத பல தடவை கேட்டிருக்கேன், காரணம் இந்த சுவர்னு அன்னிக்கு தான் பிடிபட்டுச்சு.

அப்பறம் 9ஆம் நம்பர் அக்கா கிட்ட கேட்டு அவங்க சீலிங்லயும் ஏறுனேன். எங்க சுவர அந்தப் பக்கத்துல இருந்து பாக்கணும். பாத்தேன். மத்த சுவர் எல்லாம் மொட்டைச் செங்கல், இது மட்டும் பூச்சு பூசி, வெளிர் மஞ்சள் சாயம் அடிச்சு, மழைத் தண்ணி வழிஞ்ச கறுப்புக் கோடு கோடா. கூரைக்குள்ள இருக்கிற சுவருக்கு எதுக்கு சாயம், எப்படி மழை? ஒரு காலத்துல அது வெளிச்சுவர். எங்க வீடு தான் வரிசையோட கடைசி வீடு. ஒரு கல் கனத்துல, ஒம்பது இஞ்ச்ல கட்டியிருக்காங்க, 9ஆம் நம்பர் வந்து அதையே தன்னோட சுவரா எடுத்துக்கிச்சு, பல்லு விட்டு கோக்காம முன்பக்கச் சுவர அப்படியே முட்டிக் கட்டிட்டாங்க. ரெண்டு அஸ்திவாரமும் தனித்தனியா இறங்குது, பூச்சு எப்படி நிக்கும்.

இறங்கி வந்து எங்க ஹால்ல நின்னுட்டு அதே சுவர உள்ள இருந்து பாத்தேன். அந்தச் சுவருல எங்க சாமி மாடம் இருக்கு. மூணடி அகலம், அரைக்கல் ஆழம், பாட்டி காலத்துல இருந்து முருகன் படம் அங்க தான். வரிசையில வேற எந்த வீட்டுலயும் மாடம் கிடையாது, தாத்தா தனியா சொல்லி வச்சதுன்னு நாங்க பெருமையா நெனச்சிட்டு இருந்தோம். படத்த எடுத்துட்டு மேல தட்டிப் பாத்தா சத்தம் மாறுது, மேல லிண்டல், அதான் சன்னல், கதவுக்கு மேல சுவர தாங்குற கட்டை, இருக்கு. மாடத்துக்கு எதுக்கு கான்கிரீட் லிண்டல்? அது சன்னல். 9 கட்டும்போது அந்தப் பக்கத்துல இருந்து அரைக்கல் வச்சு அடைச்சிருக்காங்க, மிச்ச அரைக்கல் ஆழம் நம்ம பக்கம் பள்ளமா நின்னு போச்சு, பாட்டி அதுல விளக்கு ஏத்திட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலமே 3ஆம் நம்பர் பாட்டி கிட்ட போய், "பாட்டி, எங்க வீட்டுல பக்கத்துச் சுவருல சன்னல் இருந்துச்சா?"ன்னு கேட்டேன். நான் வேற எதுவும் சொல்லல. "ஆமாய்யா, இருந்துச்சே, உங்க அப்பாயி அங்க நின்னுதான் வெத்தல எச்சில் துப்பும், கீழ வாழ மரம், அந்தப் பக்கம் பூரா லாலான் புல்லு, பாம்பு வரும்னு சன்னல்ல வலை அடிச்சிருந்தாரு உங்க தாத்தா"ன்னாங்க. வாழை மரம் நின்ன இடம் இப்ப 9ஆம் நம்பர் அக்காவோட ஹால்.

பின்பக்கம் இன்னும் சரியா முடிக்கல. 1ல இருந்து 8 வரைக்கும் பின்சந்துல சுவரோட அடியில சின்னக் கதவு அளவுக்கு அடைச்ச தடம் இருக்கு, வாளி கக்கூஸ் காலத்துல வாளிய வெளிய இருந்து இழுக்கிறதுக்கு, 9க்கு மேல அது இல்ல, அங்க ஆரம்பத்துலயே குழித்தொட்டி. 2ஆம் நம்பர்லயும் 6லயும் சமையக்கட்ட இழுத்துக் கட்டுனதால தடம் மறைஞ்சு போச்சு. சுங்கை சிலாங்கூர் வெள்ளத்துக்கு தரைய ஒசத்துனவங்களும் உண்டு, அத தனியா அளக்கணும்.

வெடிப்ப இந்த வருசம் பூசல. ரெண்டு பக்கமும் பூச்ச நேரா வெட்டி எடுத்துட்டு நடுவுல இளகுற சீலண்ட் போட்டு விட்டுருக்கேன், சுவர் அசைஞ்சா அதுவும் சேந்து இழுபடும். 9ஆம் நம்பர் அக்கா சம்மதிச்சாங்க. அப்பா வந்து நின்னு பாத்துட்டு, சீலண்ட் கோட்ட விரலால தொட்டுட்டு, மாடத்துக்குப் போய் முருகன் படத்த எடுத்த இடத்துலயே திரும்ப வச்சாரு. அடுத்து 12ஆம் நம்பர் சீலிங், அந்த அண்ணன் ஞாயித்துக்கிழமை தான் வீட்டுல இருப்பாராம்.