எல்லாம் வருகைப்பதிவேடுதான்: கலிஃபோர்னியாவில் ஒரு சார்ட்டர் பள்ளி நடத்திய அனுபவம்

சார்ட்டர் பள்ளி என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" ஃபீஸே கிடையாது. கலிஃபோர்னியாவில் 1992இல் வந்த சட்டப்படி இது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, மதம் கலக்கக் கூடாது. இருக்கும் இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பித்தால் எல்லார் முன்னாலும் குலுக்கல் போட வேண்டும். நடத்துவது மட்டும் அந்தப் பகுதிப் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம் அல்ல, எங்களைப் போல நாலு பேர் சேர்ந்து பதிவு செய்த லாப நோக்கமற்ற அமைப்பு. ஊரில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரியா என்று அப்பா கேட்டார். பாதி அப்படித்தான். அங்கே அரசு ஆசிரியருக்குச் சம்பளம் தருகிறது. இங்கே பிள்ளைக்கு இவ்வளவு என்று தருகிறது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளியில் பெயர் இருந்தால் போதாது, பிள்ளை அன்றைக்கு வந்திருக்க வேண்டும். சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் கலிஃபோர்னியா பணம் கொடுக்கிறது. காய்ச்சல் என்று டாக்டர் கடிதமே கொடுத்தாலும் அந்த நாளுக்குப் பணம் கிடையாது. நான் நிர்வாகக் குழுவின் பொருளாளர் என்பதால் இந்த ஒரு விதியோடுதான் என் பாதி வாழ்க்கை போனது.

பள்ளி தொடங்க அனுமதி கேட்டுப் பள்ளி மாவட்டத்திடம் விண்ணப்பம் கொடுத்தது 2017இல். முதல் ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்று சொல்கிறோமோ, அதில் பாதிப் பேருக்கான பெற்றோர் கையெழுத்து வேண்டும். பூங்கா, நூலகம், கோயில் வாசல் என்று நின்று வாங்கினோம். அன்றைய விதிப்படி 30 நாளுக்குள் பொது விசாரணை, 60 நாளுக்குள் முடிவு. விசாரணையில் எங்களை எதிர்த்துப் பேசியவர்களில் பலர் பக்கத்துப் பள்ளிப் பெற்றோர்கள். "எங்கள் பள்ளியிலிருந்து பிள்ளைகள் போனால் பணமும் போகும், பாட்டு வாத்தியார் வேலை போகும்" என்றார் ஒரு அம்மா. அவர் சொன்னதில் தவறு இல்லை. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தப் பாதிப்பையும் மாவட்டம் கணக்கில் எடுக்கலாம் என்று சேர்த்தார்கள். அது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அனுமதி கிடைத்த பிறகு கட்டிடம். 2000ஆம் ஆண்டு மாநில வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 39ஆம் முன்மொழிவுப்படி, மாவட்டத்துக்குள் வசிக்கும் பிள்ளைகளின் சராசரி வருகை 80 எட்டினால் மாவட்டம் இடம் தர வேண்டும். நவம்பர் 1க்குள் கேட்க வேண்டும். ஏப்ரல் 1க்குள் இறுதியாகச் சொல்வார்கள். கிடைத்தது ஒரு தொடக்கப் பள்ளி வளாகத்தின் பின்பக்க அறைகள். விளையாட்டுத் திடல் யாருக்கு எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக் கூடத்தில் எந்த மேசை, குப்பைத் தொட்டி யார் பொறுப்பு என்று பேசிப் பேசியே ஒரு கோடை போனது.

ஆகஸ்ட் 2018இல் திறந்தோம். ஆசிரியர்களுக்கு அந்த மாதமே சம்பளம் போட வேண்டும், மாநிலத்தின் பணமோ நிதானமாகத்தான் வரும். புதுப் பள்ளிகளுக்கென மாநிலம் வைத்திருக்கும் சுழல் கடன் நிதியில் இரண்டரை லட்சம் டாலர் வரை வாங்கலாம். அது இல்லாவிட்டால் தீபாவளிக்கு முன்பே கடையை மூடியிருப்போம்.

பிறகு வருகை. 200 பிள்ளைகள் உள்ள பள்ளியில் வருகை 96 சதவீதத்திலிருந்து 92க்கு இறங்கினால் எட்டுப் பிள்ளைகளின் பணம் போச்சு. ஒரு பிள்ளைக்குப் பத்தாயிரம் டாலர் என்று வைத்தாலும் எண்பதாயிரம், அதாவது ஒரு ஆசிரியரின் சம்பளம். அதனால் எங்கள் பள்ளியின் முக்கியமான ஆள் முதல்வர் அல்ல, முன் அலுவலகத்தில் இருந்த அம்மாதான். எட்டரை மணி தாண்டியதும் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுவார். "பல் டாக்டரா? சரி, முடிந்ததும் பத்து மணிக்காவது கொண்டுவந்து விடுங்கள்" என்பார், ஸ்பானிஷில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. தாமதமாக வந்தாலும் வருகை வருகைதான்.

டிசம்பர் வந்தால் இன்னொரு தலைவலி, அது நம்மவர்களாலேயே. விடுமுறைக்கு முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம் சேர்த்து ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். டிக்கெட் விலை அப்படி, யாரைக் குறை சொல்ல? குறுகிய காலச் சுயபடிப்பு ஒப்பந்தம் போட்டு, பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் மூவரும் கையெழுத்திட்டு, கொடுத்த பாடத்தை முடித்துக் கொண்டுவந்தால் அந்த நாட்களும் கணக்கில் சேரும். கிளம்புவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுவோம். ஆடிட்டர் வந்தால் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். மதுரையில் பாட்டி வீட்டுத் திண்ணையில் எழுதிய கணக்கு நோட்டும் அவருடைய கோப்பில் இருக்கும்.

நிர்வாகக் குழுவுக்கும் கட்டுப்பாடு உண்டு. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். நாங்கள் ஐந்து பேர். அதில் பெரும்பான்மையான மூன்று பேர் வெளியில் பள்ளி விவகாரம் பேசினாலே சட்டவிரோதக் கூட்டம். ஒருவர் இரண்டாமவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொன்னாலும் அதேதான். வாட்ஸ்அப் குழு வைக்கவே இல்லை. கல்யாண வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கிரிக்கெட் மட்டும் பேசினோம்.

எங்கள் ஐந்தாண்டு அனுமதி 2023இல் முடிந்திருக்க வேண்டும். கொரோனாவை ஒட்டி மாநிலமே முதலில் இரண்டு ஆண்டு, பிறகு ஒன்று என்று நீட்டித்ததால் 2026 வரை ஓடியது. இப்போதைய சட்டத்தில் புதுப்பிக்க வரும் பள்ளிகளை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். கீழே விழுந்தால் புதுப்பிக்கக் கூடாது என்பதே பொது விதி. தேர்வு மதிப்பெண்ணோடு, பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் மாநிலத்தின் தரப் பட்டியலில் ஒரு அளவுகோல். 180 நாள் பள்ளியில் அது 18 நாள். சுயபடிப்பு ஒப்பந்தம் போடாமல் கிளம்பினால் டிசம்பர் பயணத்திலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். நாங்கள் நடுவில் இருந்தோம், ஐந்தாண்டு தந்தார்கள். ஆனால் கட்டிடத்துக்கு அப்படி ஐந்தாண்டு கிடையாது. ஆண்டுதோறும் நவம்பர் 1க்குள் பிள்ளைகளின் கணக்கோடு புதிதாகக் கேட்க வேண்டும்; அந்தக் கோப்பை இப்போது புதுப் பொருளாளர் தயார் செய்கிறார்.