ஹடர்ஸ்ஃபீல்டின் போர்க்காலக் குழந்தைகளைத் தேடிப் போனேன்

யார்க்‌ஷயரில் மிட்வைஃபாக, அதாவது பிரசவம் பார்ப்பவளாக, வேலை பார்க்கிறேன். முதல் உலகப் போரின்போது இதே வேலையைச் செய்த பெண்களால் எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆசை. ஹடர்ஸ்ஃபீல்டை எடுத்துக்கொண்டேன். லாங்வுட் பகுதியில் பிறக்கும் குழந்தை ஒரு வயதைத் தாண்டினால் ஒரு பவுண்டு தருகிறேன் என்று மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட் அறிவித்த ஊர் அது. குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 1906-லேயே தனிச் சட்டம் வாங்கினார்கள். நாடு முழுக்க அது கட்டாயமானது 1915-ல்தான்.

நகர சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கைகளைத்தான் முதலில் கேட்டு வாங்கினேன். ஒரு வயதுக்குள் இறந்தவர்களை அந்த ஆண்டுப் பிறப்பால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. இங்கிலாந்து-வேல்ஸ் கணக்கையே பாருங்கள்: 1911-ல் ஆயிரத்துக்கு 130, அடுத்த ஆண்டே 95. 1911 கோடையின் கடும் வெயிலில் வயிற்றுப்போக்கு அத்தனை குழந்தைகளைக் கொண்டுபோனது. 1915-ல் 110, 1916-ல் 91. இதில் ஏதாவது ஒரு ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மிட்வைஃபைப் புகழ்வதும் தப்பு, பழிப்பதும் தப்பு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. போரில் பிறப்பு மளமளவென்று குறைந்தது. 1917-ல் இறந்தவர்களில் பலர் 1916-ல் பிறந்தவர்கள். ஆனால் வகுப்பதோ 1917-ன் குறைந்த பிறப்பால். விகிதம் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இது புரியவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் மிட்வைஃப்கள் பற்றிய பகுதி. மிட்வைஃப்களுக்குப் பதிவேடு கொண்டுவந்த 1902 சட்டம் வந்தபோது, பயிற்சி இல்லாமல் அனுபவத்தால் மட்டுமே பிரசவம் பார்த்துவந்த பெண்களையும் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிரசவம் சிக்கலானால் மருத்துவரை அழைத்தே ஆகவேண்டும் என்பது விதி. அவருக்கு யார் பணம் கொடுப்பது? 1918 சட்டம்தான் அதை உள்ளாட்சியின் பொறுப்பாக்கியது. கணவன் போர்முனையில், வீட்டில் காசில்லை, நள்ளிரவில் ரத்தப்போக்கு. அந்தப் பெண் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

கடைசியில் வழி கிடைத்தது, அறிக்கையின் இறப்பு அட்டவணையில். ஒரு வாரத்துக்குள், இரண்டு வாரத்துக்குள் என்று தனித்தனிக் கட்டங்கள். பிரசவத்துக்குப் பின் பத்து நாள் தாயையும் சேயையும் கவனிப்பது மிட்வைஃபின் கடமை. அவர்கள் கை பட்ட காலம் அதுதான். கோடை வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் அதைத் தாண்டிய குழந்தைகளே பலியானார்கள். அதனால் அந்த இரண்டு கட்டங்களை மட்டும் ஆண்டுவாரியாக நோட்டில் எழுதி வருகிறேன், மூன்றாண்டுச் சராசரியாகப் பார்க்க. இப்போது 1917-ல் நிற்கிறேன்.