தொடக்கநிலை ஒன்றில் முதலில் வாய் திறக்கட்டும்

தாய்மொழிப் பாடவேளை வந்ததும் சிங்கப்பூரில் எங்கள் பள்ளி நடைபாதையில் சீனத்துக்கு ஒரு வரிசை, மலாய்க்கு ஒரு வரிசை, தமிழுக்கு ஒரு குட்டி வரிசை என்று பிள்ளைகள் பிரிந்து போவார்கள். அந்தக் குட்டி வரிசை என்னுடையது. தொடக்கநிலை ஒன்றின், அதாவது முதலாம் ஆண்டின், பல வகுப்புகளிலிருந்து வந்து சேரும் ஏழு வயதுப் பிள்ளைகள். ஒருத்தி போன வருஷம்தான் தஞ்சாவூரிலிருந்து வந்தாள், மூச்சுவிடாமல் பேசுவாள். ஒருவன் வீட்டில் முழுக்க ஆங்கிலம். இன்னொருவனுக்கு அம்மாவோடு மலையாளம், அப்பாவோடு தமிழ்.

ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகள் இப்போது அபூர்வமில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே, இங்குள்ள இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்று வந்தது. அப்படி வரும் பிள்ளையின் கையில் முதல் நாளே பென்சிலைத் திணித்து 'அ' எழுது என்றால், அதற்குத் தமிழ் என்பது வளைத்து வளைத்துப் போடும் கோடாகத்தான் தெரியும். அதனால் நாங்கள் கேட்பதிலும் பேசுவதிலும் தொடங்குகிறோம். பெரிய கதைப் புத்தகத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்துக்கொண்டு படிப்போம், படத்தைப் பார்த்துப் பேசுவோம், பாடுவோம், ஆடுவோம். பெற்றோர் சிலருக்கு இது விளையாட்டாகப் படுகிறது. “டீச்சர், நோட்டுல ஒண்ணுமே காணோமே?” என்பார்கள்.

நோட்டில் வராத ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு மூலையைப் பரோட்டாக் கடையாக்கியிருந்தோம். காகிதப் பரோட்டா, பொம்மைக் காசு, பிளாஸ்டிக் தட்டு. தஞ்சாவூர்ப் பிள்ளை கடைக்காரர். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசும் அந்தப் பையன், அதுவரை தலையாட்டியே காலம் தள்ளியவன், வரிசையில் முன்னால் வந்தான். “அண்ணே, ரெண்டு கோசோங், ஒரு முட்டை. மீன் குழம்பு வேணாம், பருப்பு.” (கோசோங் என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பரோட்டா.) அவள் கேட்டாள்: “இங்கயே சாப்பிடுறீங்களா, கட்டிக் குடுக்கவா?” “கட்டிக் குடுங்க. அம்மாவுக்கும் வேணும்.”

எதிரே நிற்பது ஒரு சிறுமி என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் பக்கத்திலோ நின்று கேட்டது அப்படியே வந்துவிட்டது. எண்ணிக்கை, வேண்டும் வேண்டாம், மரியாதையாகக் கேட்பது, அம்மாவை மறக்காமல் இருப்பது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுத்தும் வரும், கவலை வேண்டாம். என்னைக் கேட்டால் 'அ'விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவசியமே இல்லை. 'அ'வை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள், எத்தனை சுழிப்பு, எத்தனை திருப்பம்! ட, ப இரண்டும் நேர்கோடுகள்தான், சின்ன விரலுக்கு வலிக்காது. கூடவே 'ம', ஒரு புள்ளி. அவ்வளவு போதும், படம், பட்டம், மடம், மட்டம் என்று நாலு சொல் கைக்கு வந்துவிடும். தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளை அடுத்த எழுத்தைத் தானே கேட்கும்.

கணக்கு வகுப்பிலும் இதே வழிதான். முதலில் கையில் கட்டைகள், அப்புறம் படம், கடைசியில்தான் எண். ஏழு கட்டையை ஐந்தும் இரண்டுமாக, நாலும் மூன்றுமாகப் பிரித்துப் பிரித்து வைத்துப் பார்த்த பிறகே 7 என்ற குறி வரும். அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை. தமிழில் மட்டும் ஏன் இந்த அவசரம்?

மதிப்பெண் பயமும் தேவையில்லை. 2019 முதல் தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் கணக்கிடும் தேர்வு கிடையாது. எதை எந்த அளவுக்குச் செய்ய முடிகிறது என்றுதான் அறிக்கை சொல்லும். அந்த இரண்டு வருஷத்தைப் பயிற்சிப் புத்தகம் வாங்கி அடுக்கி நிரப்பாதீர்கள்.

அதற்குப் பதில் பிள்ளையை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குக் கூட்டிப் போங்கள். காய்கறிக் கடையில் நீங்கள் ஓரடி பின்னால் நின்றுகொண்டு, கறிவேப்பிலையும் தக்காளியும் அதுவே கேட்டு வாங்கட்டும். திக்கினால் உடனே உதவிக்குப் பாயாதீர்கள், கடைக்காரரே பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஐந்து வெள்ளி (டாலர்) கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்பதையும் அதுவே எண்ணி வாங்கட்டும்.