ஈரமான தேம்பாவணி

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

இன்று திருவருகைக் காலத்தின், அதாவது கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கும் நான்கு வாரங்களின், முதல் ஞாயிறு. பூசைக்குப் போக முடியவில்லை. ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. ரெயின்போ நகரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டுக்குள் முழங்கால் வரை. ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றினோம், அரிசியை ஏற்றினோம், குடிலில் வைக்கும் பாலன் இயேசு சுரூபம் இருக்கும் பிஸ்கட் டப்பாவை அம்மா முதல் வேலையாகப் பரணில் போட்டார். புத்தக அலமாரியின் அடித்தட்டு மட்டும் யாருக்கும் நினைவில்லை. தாத்தாவின் தேம்பாவணி, வீரமாமுனிவர் எழுதிய கிறிஸ்தவக் காப்பியம், அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். கரண்டு இல்லாததால் ஏற்றியதுதான். அதையே முதல் வாரத்து மெழுகுவத்தியாகக் கணக்கு வைத்துக்கொண்டோம்.

டிசம்பர் 4, புதன்

தெருவில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிச்சம். கடலூர் அத்தைக்கு இப்போதுதான் போன் கிடைத்தது. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் அங்கே பெண்ணையாறு ஊருக்குள் வந்துவிட்டது. "நீங்க மழையில நனைஞ்சீங்க, நாங்க ஆத்துல நனைஞ்சோம்" என்கிறார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

தேம்பாவணியைப் பிரித்து, பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் சொருகி, மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன். 'தேன் பா அணி' என்று பிரிக்கலாம், 'தேம்பா அணி' என்று பிரித்தால் வாடாத மாலை. மாலை வாடவில்லை, ஊறித்தான் போயிருக்கிறது. 3615 பாட்டையும் உலர்த்தியாக வேண்டும். உலர்த்துகிற சாக்கில் நாட்டுப் படலம் கண்ணில் படுகிறது. வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். ஆனால் அவருடைய யூதேயா நம்மூர் மருதநிலம் மாதிரி மழையும் நெல்லுமாக இருக்கிறது. இந்த வாரம் மழை வருணனையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயிலில் திருவருகைக் கால வளையம் வைத்துவிட்டார்கள். பச்சைக் கிளைகளால் கட்டிய வளையம், வாரத்துக்கொன்றாக ஏற்ற நான்கு மெழுகுவத்தி. புயலில் விழுந்த சவுக்குக் கிளைகள் சாலையோரம் குவிந்து கிடக்கின்றன, இந்த வருஷம் பச்சைக்குக் காசு செலவில்லை. இந்த வழக்கத்தை 1839-இல் ஹாம்பர்க்கில் தொடங்கியவர் விக்கெர்ன் என்ற போதகர். அவருடைய விடுதிப் பிள்ளைகள் "கிறிஸ்மஸ் எப்போ, எப்போ" என்று நச்சரித்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்து நாளுக்கொன்றாக ஏற்றினாராம். அவர் லூத்தரன் சபைக்காரர். இன்று கத்தோலிக்கர் நாங்கள் ஆதிகாலம் தொட்டு எங்களுடையது என்பதுபோல் ஏற்றுகிறோம்.

எனக்குக் கோபம் வேறொன்றின்மேல். பூசையில் 'உன்னதங்களிலே' என்ற மகிழ்ச்சிக் கீதத்தைப் பாடாமல் நான்கு ஞாயிறு வாயைக் கட்டுகிறோம். வெளியே வந்தால் கடைக்குக் கடை ஸ்பீக்கரில் பாலன் நவம்பர் கடைசியிலேயே பிறந்தாயிற்று. "கேட்டுட்டுப் போயேன், மழையில பாதி வியாபாரம் போச்சு அவங்களுக்கு" என்றார் அம்மா. அதுவும் சரிதான்.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி இரண்டு. விடியலில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையின் இரண்டாம் பாட்டோடு எழுப்பியது. எங்களுக்கும் இன்றைக்குத்தான், வரப்போகும் மீட்பரை 'ஓ' என்று விளிக்கும் 'ஓ' பாடல்கள் தொடக்கம். மாலைச் செபத்தில் 23 வரை ஏழு நாள், ஏழு விளி: ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களின் அரசே, ஓ இம்மானுவேலே. லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் 'ஏரோ க்ராஸ்' வரும். 'நாளை இருப்பேன்' என்று பொருள். நம்மூர்ச் சித்திரகவிக்காரர்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

ஆண்டாள் தூங்குகிற தோழிகளை எழுப்புகிறாள். நாங்கள் வரவேண்டியவரையே கூப்பிடுகிறோம். குளிரில் எழுந்து குரலை உயர்த்துவது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. (எழுந்தது அம்மா. நான் போர்வைக்குள் கிடந்தேன்.)

டிசம்பர் 18, புதன்

இன்றைய நற்செய்தி மத்தேயு முதல் அதிகாரம். மரியாள் கருவுற்றிருப்பது தெரிந்து, அவருக்கு நிச்சயிக்கப்பட்ட சூசையப்பர் அவரை மறைவாக விலக்கிவிட நினைக்கிறார். மத்தேயு அதை ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். நான்கு நற்செய்தியிலும் அந்த மனிதர் வாய்திறந்து ஒரு சொல் பேசியதாக இல்லை.

அவரைத்தான் வீரமாமுனிவர் வளன் என்று பெயரிட்டுக் காப்பியத் தலைவனாக்கினார், 1726-இல். அந்த ஒரு வசனத்துக்கு இரண்டு படலம்: ஐயந்தோற்று படலம், அடுத்து ஐயம் நீங்கு படலம். காத்திருப்பு என்றால் எல்லோரும் மாதாவையே நினைக்கிறோம். என்ன நடக்கிறது என்றே தெரியாமல் காத்திருந்தவர் இவர். தெரியாமல் கிடந்த அந்த ராத்திரிகளுக்கு ஒரு படலம் கொடுக்கலாம் என்று தோன்றியதே, அதற்காகவே முனிவரைக் கும்பிடலாம்.

ஐயந்தோற்று படலம் நன்றாக உலர்ந்துவிட்டது. ஐயம் நீங்கு படலத்தின் தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நான் கதை கட்டவில்லை, வந்து பார்க்கலாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகை. ஆர்மோனியத்தில் தண்ணீர் போய் இரண்டு கட்டை பேசவில்லை, கீபோர்டை வைத்துச் சமாளிக்கிறோம். குழுவில் மூத்தவர் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியக்காரர். ஒவ்வொரு வருஷமும் 'மினுயி க்ரெத்தியேன்' என்ற பிரெஞ்சுக் கிறிஸ்மஸ் பாட்டைப் பாடியே தீருவார். சொற்களை எழுதியவர் சாராய வியாபாரி என்பதை அவர் சொல்லாமல் விடுவதில்லை. உண்மையில் அந்த கப்போ ஒயின் வியாபாரி. இசை அதோல்ஃப் ஆதாம், 1847. உச்சிச் சுரத்தில் அந்த சொல்தாவுக்கு மூச்சு பிடிக்கவில்லை. நாங்கள் கைகொடுத்தோம்.

டிசம்பர் 24, செவ்வாய்

புதுச்சேரிக் கிறிஸ்மஸ் கேக்கான விவிக்கம் வெந்துகொண்டிருக்கிறது. வீடெல்லாம் நெய்யும் ரம்முமாக வாசனை. குடிலுக்கு முளைக்கவிட்ட கேழ்வரகு இரண்டு விரல் உயரம். மாடு, இடையர், மாதா, சூசையப்பர் எல்லோரும் வந்தாயிற்று, நடுவில் வைக்கோல் மட்டும் காலி. நடுச்சாமப் பூசை முடிந்து வரும்வரை டப்பாவைத் திறக்க அம்மா விடமாட்டார்.

ஒட்டிய தாள்களை ஈர்க்குச்சியால் நெம்பப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். "கிழிச்சுடாத. பொங்கலுக்கப்புறம் நல்ல வெயில் வரும், அப்ப பார்த்துக்கலாம்."